முற்றம் கூட்டாத நாள்கள்

மட்டுவிலில் இரத்தினம்மாவின் முற்றத்துக்கென்று ஒரு பெயர் இருந்தது. விடிய ஒருமுறை, பொழுது சாய முன் ஒருமுறை, மழையென்றாலும் வெயிலென்றாலும் அவள் கூட்டுவாள். ஈர்க்கு விளக்குமாறு மணலில் போட்ட கோடுகள் வேலிப் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரே சீராகக் கிடக்கும். அதில் முதற்காலடி வைக்கிறவர் கோயில் ஐயராக இருந்தாலும் மனிசி ஒரு பார்வை பார்த்துத்தான் விடுவாள். “அந்த வீட்டுக் கோழியள்கூட வேலிக்கரையாலைதான் நடக்குதுகள்” என்று பின்வளவில் குடியிருக்கிற இளையதம்பி சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

அந்த முற்றம் 1994ஆம் ஆண்டு மாசிக் கடைசியில் தொடங்கி முப்பத்தொன்பது நாள் கூட்டப்படாமல் கிடந்தது. அதுவும் வேம்பு இலை கொட்டுகிற காலத்தில்.

எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். அங்கே அகப்பை விழுந்தாலும் இங்கே கேட்கும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம். காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மலாயா ரீச்சர். பெயர் குணலட்சுமி. மலாயாவின் ஈப்போ நகரில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ஆசிரியை. பாட்டனார் உடுப்பிட்டியிலிருந்து மலாயாவுக்கு றெயில்வே உத்தியோகத்துக்குப் போனவர். பேர்த்தி ஒரு வருஷ லீவு எடுத்துக்கொண்டு, ஒரு சதம் சம்பளமில்லாமல், எங்கள் பக்கத்துக்கு வந்து இறங்கினார். குண்டு விழுகிற ஊருக்கு ஒருத்தி ஓட்டப்பந்தயம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாளாம் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன், மறைப்பானேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் அவர் பெண் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்ப்பார். ஒருத்திக்குக் கண் தெரியும், மற்றவளுக்குத் தெரியாது. பழஞ்சேலைக் கிழிசலால் இருவரின் மணிக்கட்டையும் இணைத்து ஓடவிடுவார். ஒருத்தி விழுந்தால் இருவரும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவேண்டும். கால் இழுத்து நடக்கிற பிள்ளைகளுக்கும் இடமுண்டு. புளியங்கொட்டை போட்டுத் தைத்த பந்தொன்று வைத்திருந்தார். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து, அது உருண்டுவரும் சத்தத்தைக் கேட்டுப் பிடிக்கவேண்டும். அந்த விளையாட்டில் எப்போதும் தோற்றது கண் தெரிந்தவர்கள்தான்.

இரத்தினம்மாவின் வீட்டுக்கு அவர் முதல்முதல் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். படலையைத் திறந்து, கூட்டி முடித்துப் பத்து நிமிஷமும் ஆகாத முற்றத்தின் நட்ட நடுவால் நடந்து வந்தார்.

“என்னாக்கா, பசியாறிட்டீங்களா?”

இரத்தினம்மாவுக்கு ஏறிவிட்டது. “பசியோ? இந்த வீட்டிலை ஒருத்தரும் பசியிலை இல்லை. நீங்கள் ஆர்?”

மலாயாவில் சாப்பிட்டாயிற்றா என்பதை அப்படித்தான் கேட்பார்களாம். அது விளங்கியதும் இரத்தினம்மாவே சிரித்துவிட்டு, பாயைப் போட்டு, பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

“உங்க மகளைச் சனிக்கிழமை மைதானத்துக்கு அனுப்புங்கக்கா. நான் கூடவே சேர்ந்து ஓடுறேன்.”

“ஓடுறதோ? அவளுக்குக் கண் தெரியாதெல்லோ ரீச்சர்.”

“தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.”

“விழுந்து கையைக் காலை முறிச்சால்? குமர்ப்பிள்ளை. பிறகு ஆர் பாக்கிறது?”

“விழுந்தா நானும் சேர்ந்துதான் விழுவேன். கை ரெண்டையும் கட்டியிருக்குமில்ல.”

மகள் தவமலருக்கு அப்போது பதினாறு வயது. மூன்று வயதில் சின்னமுத்து அம்மை கண்டு கண் போனது. ஒரே பிள்ளை. வீட்டுக்குள் அவளுக்கு எல்லா வேலையும் தெரியும். கிடுகு பின்னுவாள், கத்தரிக்காயைத் தடவிப் பார்த்தே முற்றல் பிஞ்சு சொல்லுவாள். ஆனால் படலைக்கு வெளியே தாயின் கையைப் பிடிக்காமல் போனதில்லை. விளக்குமாற்றை மட்டும் இரத்தினம்மா அவளிடம் கொடுப்பதே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவிடுவாள் என்பது காரணம். அதையும் அவளிடம் சொன்னதில்லை. “உனக்கேன் பிள்ளை கரைச்சல்” என்று வாங்கி வைத்துவிடுவாள்.

எப்படியோ அனுப்பினார்கள். முதல் சனிக்கிழமை, தகப்பன் அருளம்பலம் தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்து மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து மண்வெட்டியைச் சாத்தி வைத்தார்.

“இரத்தினம், பிள்ளை ஓடுறாளப்பா” என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அவள் ஓடியது சாதாரண ஓட்டமல்ல. இரண்டு மாதத்தில் ஊரில் கண் தெரிந்த எந்தப் பெட்டையாலும் அவளோடு ஈடுகொடுத்து ஓட முடியவில்லை. ரீச்சரால் மட்டும்தான் முடிந்தது. பதினொரு மாதம் அவர்கள் இருவரும் ஒரு துண்டுச் சேலையில் கட்டுப்பட்டு ஓடினார்கள். தவமலரின் குரல் உரத்தது, நடை நிமிர்ந்தது, தாயை எதிர்த்து வாய்காட்டவும் பழகினாள். இரத்தினம்மா அதை முறைப்பாடாகச் சொல்லுவாள், ஆனால் சொல்லும்போது முகத்தில் சிரிப்பிருக்கும்.

லீவு முடிந்தது. ஈப்போவில் ரீச்சருடைய தாயும் வருத்தத்தில் படுக்கையாகிவிட்டார் என்று சேதி வந்தது. மாசி இருபத்தேழாம் திகதி போவதாக முடிவு. இளையதம்பி சைக்கிளில் கிளாலிக் கரை வரைக்கும் ஏற்றிச் செல்லுவான். அங்கிருந்து இருட்டிய பிறகு வள்ளத்தில் கடலேரியைக் கடக்கவேண்டும். பிறகு வவுனியா, கொழும்பு, விமானம். அந்த நாட்களில் குடாநாட்டை விட்டு வெளியேற எங்களுக்கு அதுதான் வழி. அந்த வழியால் போனவர்கள் எல்லோரும் அக்கரை சேரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

தவமலருக்குச் சேதி தெரிந்த நாளிலிருந்து ரீச்சரோடு அவள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கடைசி இரண்டு சனிக்கிழமையும் மைதானத்துக்குப் போகவில்லை. கோபம். தனக்கு ஓட்டத்தைக் காட்டிவிட்டுப் போகிறவள் மீது வேறென்ன வரும்?

புறப்படுகிற அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு ரீச்சர் விடைபெற வந்தார். இரத்தினம்மா வறுத்த பயற்றம்மாவில் பணியாரம் சுட்டு, வாழைச்சருகில் பொதி கட்டி வைத்திருந்தாள். சீனி கண்ணால் காணக் கிடைக்காத காலம், எல்லாம் பனங்கட்டிப் பாகுதான். இளையதம்பி சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்றான்.

தவமலரைக் காணவில்லை. தன்னை ஒருவரும் காணவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் கிணற்றடியில் இருந்த இரண்டு வாழைகளுக்குப் பின்னால் அவள் நின்றாள். இரண்டும் மெலிந்த வாழைகள். அவளுடைய சிவப்புப் பாவாடை இரண்டு பக்கமும் தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒளித்துப் பிடித்து விளையாடுவாள். தூணுக்குப் பின்னால் அரை உடம்பு வெளியே தெரிய நிற்பாள். தாயும் தகப்பனும் “பிள்ளையைக் காணேல்லையே, எங்கை போட்டாள்” என்று வீடெல்லாம் தேடுவார்கள். அவள் வாயைப் பொத்திச் சிரிப்பாள். ஒளிந்திருப்பது தெரிகிறது என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுடைய மனம் நோகக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அது எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

ரீச்சர் பாவாடையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு காலடி எடுத்தும் வைத்தார். இரத்தினம்மா அவசரமாகக் கையை அசைத்து, வேண்டாம் என்று காட்டினாள். பிறகு உரத்த குரலில், “உவள் எங்கை போனாளோ தெரியேல்லை ரீச்சர். கோயிலடிக்குப் போயிருப்பாள்” என்றாள்.

ரீச்சர் நின்றுவிட்டார். ஒரு மலாயாக்காரிக்கு எங்கள் வீட்டு வழக்கம் விளங்கியதோ என்னவோ, தாய் சொல்லுகிறாளே என்று மதித்தார்.

“தவம்!” என்று முற்றத்தின் நடுவில் நின்று கூப்பிட்டார். “தவம், நான் கெளம்புறேன்மா.”

வாழையிலைகூட அசையவில்லை. அருளம்பலம் நிலத்தைப் பார்த்தார். ரீச்சர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு இரத்தினம்மாவின் இரண்டு கையையும் பிடித்துவிட்டு, சைக்கிளின் பின்கரியரில் ஏறினார்.

பயணம் போனவர் போய்ச் சேரும் வரைக்கும் வீடு வாசல் கூட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியது போல. முன்பெல்லாம் அது பெரிய காரியமில்லை. சாவகச்சேரிச் சந்தைக்குப் போனால் அரை மணித்தியாலம் பொறுத்தால் போதும். கொழும்புக்கு யாழ்தேவியில் போனவருக்குப் பொழுதுபடும் வரைக்கும். ஆனால் றெயில் நின்று நாலு வருஷம். டெலிபோன் கம்பிகளில் ஊர்ப் பெண்கள் உடுப்புக் காயப்போட்டார்கள். தந்தி என்று ஒன்று இருந்ததையே பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிய இரத்தினம்மா விளக்குமாற்றை எடுத்தாள். படலை வரைக்கும் போனாள். திரும்பி வந்து அதைச் சுவரில் சாத்தினாள்.

“என்ன இரத்தினம், இண்டைக்கு விளக்குமாறு சும்மா கிடக்குது?” அருளம்பலம் கேட்டார்.

“ரீச்சர் போய்ச் சேரேல்லையெல்லோ.”

“எங்கை போய்ச் சேர? கிளிநொச்சிக்கோ, கொழும்புக்கோ, மலாயாவுக்கோ?”

“அவவின்ரை வீட்டுக்கு.”

“அதுக்குக் கிழமையள் செல்லும். சேர்ந்தாலும் எங்களுக்கு ஆர் வந்து சொல்லப்போகினம்?”

“ஆரும் சொல்லட்டும். சொல்லும் மட்டும் நான் கூட்டமாட்டன்.”

“உமக்கு விசர் பிடிச்சிட்டுது.”

“விசரெண்டால் விசராய் இருக்கட்டும்.”

மத்தியானம் இளையதம்பி வந்தான். சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நின்றதைக் கண்டதும் நான் வேலிக்குக் கிட்டப் போனேன்.

“அண்ணை, ஒரு கதை அடிபடுது. இரா கடலேரியிலை நேவியின்ரை துப்பாக்கிச் சூடு விழுந்ததாம். ரெண்டு வள்ளம் அக்கரைக்கும் போகேல்லையாம், இக்கரைக்கும் வரேல்லையாம்.”

“நீ ஏத்திவிட்டுத்தானே வந்தனீ?” என்றார் அருளம்பலம்.

“ஏத்திவிட்டனான் அண்ணை. கையைக் காட்டினவ.”

உள்ளே கிடுகு பின்னிக்கொண்டிருந்த தவமலர் வாசலுக்கு வந்துவிட்டாள். “இளையதம்பி மாமா, ரீச்சர் ஏறின வள்ளம் எத்தினையாவதாய்ப் போனது?”

“மூண்டாவது பிள்ளை. நாலாவதோ தெரியேல்லை. இருட்டெல்லோ.”

“வராமல் போன வள்ளங்கள் எத்தினையாவது?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது.”

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். அன்று அவள் பின்னிய கிடுகு எதுவும் வேலிக்கு உதவவில்லை.

பங்குனி பிறந்தது. வேம்பு மஞ்சள் இலையாகக் கொட்டியது. பலாச் சருகு, கோழி எச்சம், காற்றில் விழுந்த தென்னம்பாளை, எல்லாம் அந்த முற்றத்தில் கிடந்தன. மண்ணெண்ணெய் இல்லாததால் அருளம்பலம் இறைப்பு மெசினை மூடி வைத்துவிட்டுப் பழையபடி கிணற்றுத் துலாவில் தண்ணி இறைத்தார். இளையதம்பி துலா மிதிப்பான், அவர் மேலே வந்த தண்ணிப் பட்டையைக் கவிழ்ப்பார். கத்தரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி விடாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். தாயும் மகளும் காய் பிடுங்குவார்கள். மட்டுவில் முட்டிக் கத்தரிக்காயின் காம்பு முள்ளுக் குத்தி இருவரின் விரல்களும் எப்போதும் காயமாகத்தான் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இரத்தினம்மா படலையடியில் நிற்பாள். அந்தக் குப்பையைப் பார்க்க அவளுடைய கைகள் துடிப்பது எனக்குத் தெரியும். உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு விலகி நடப்பாள்.

சனிக்கிழமைகளில் பெட்டைகள் வந்து கூப்பிட்டார்கள். “தவமக்கா, வாங்கோ. நாங்கள் கட்டிக்கொண்டு ஓடுறம்.”

“சேதி வரட்டும்” என்று மட்டும் சொல்லுவாள்.

ஒருநாள் பின்னேரம் தாயும் மகளும் கிணற்றடியில் குரக்கன் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தவமலர் திடீரென்று சுளகை நிறுத்தினாள்.

“அம்மா, அவ என்னைக் கூப்பிட்டவ. ரெண்டு தரம்.”

“அதை விடு பிள்ளை.”

“நான் இந்த வாழையடியிலைதான் நிண்டனான். கேட்டுக்கொண்டு நிண்டனான். வாய் திறக்கேல்லை.”

இரத்தினம்மா தன் சுளகை இரண்டு தரம் புடைத்தாள். “நீ நிண்டது அவவுக்குத் தெரியாது மோனை. கோயிலடியிலை எண்டுதான் நினைச்சிருப்பா.”

“அதுதானம்மா சொல்லுறன். நான் வழியனுப்ப வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு போய், கடலுக்கை…”

“வாயை மூடு. அப்பிடி ஒண்டும் நடந்திராது.”

வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு எழும்பிப் போய்ச் சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. பிள்ளை, அவர் உன்னைக் கண்டவர், கண்டுவிட்டுத்தான் போனவர் என்று. சொல்லவில்லை. அது அவர்களுடைய வீட்டுக் காரியம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை அழவைக்க ஊரில் எவருக்கும் துணிவில்லை. அந்தத் துணிவின்மைக்கு நாங்கள் அன்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

பங்குனித் திங்கட்கிழமைக்குப் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பொங்கினார்கள். கத்தரிக்காய்க் கறியும் சோறும் படைத்து இரத்தினம்மா நேர்த்தி வைத்தாள். தவமலர் பொங்கற் புகைக்குள் கைகூப்பி நின்றாள். அவளுடைய உதடுகள் அசையவே இல்லை.

சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கியது. அதற்கு முதல் நாள் காலையில் அருளம்பலத்தின் பொறுமை போய்விட்டது.

“நாளைக்குக் கொண்டாட்டம். உம்மடை தமையன் குடும்பம் வருது. மருத்துநீர் வைச்சு முழுகிப்போட்டு இந்தக் குப்பைக்குள்ளையோ நாங்கள் கால் வைக்கிறது?”

“நான் என்ன செய்ய?”

“நீர் ஒண்டும் செய்யவேண்டாம். நான் கூட்டுறன்.”

அவர் தன் வாழ்நாளில் விளக்குமாறு பிடித்ததில்லை. மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு படலையடியில் தொடங்கினார். மூன்று இழுப்பு இழுத்திருப்பார். அந்தச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தவமலர் ஓடி வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் ஓடியது அன்றுதான். சருகில் சறுக்கி, முழங்காலில் விழுந்து, தவழ்ந்து வந்து விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“கூட்டாதேங்கோ ஐயா.”

“விடு பிள்ளை.”

“கூட்டினால் ரீச்சர் செத்துப்போனா எண்டு நீங்களே தீர்மானிச்சமாதிரி. நான் விடமாட்டன்.”

அருளம்பலம் விளக்குமாற்றைக் கைவிட்டார். மகளைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார். “சரி பிள்ளை. கிடக்கட்டும்” என்றார்.

புதுவருஷம் குப்பைக்குள் பிறந்தது. இரத்தினம்மாவின் தமையன் பெண்சாதி மூக்கைச் சுளித்துக்கொண்டு சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். “மச்சாள், உமக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டாள். இரத்தினம்மா அவளுக்குச் சோறு போட்டாள். முற்றத்தால் பெயரெடுத்த மனிசிக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று ஆண்களாகிய எங்களுக்கு விளங்காது.

சித்திரை ஆறாம் திகதி பின்னேரம் ஒழுங்கையின் முனையிலிருந்தே சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. இளையதம்பி மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அந்த வளவுக்கே போய்விட்டேன். இனியும் ஒளிந்து நின்று கேட்க முடியவில்லை.

“கடிதம் அண்ணை! ரீச்சரின்ரை கையெழுத்து!”

ரீச்சர் கொழும்பில் வைத்து எழுதி, ஊருக்கு வருகிற ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்ட கடிதம். அந்த மனிதர் வவுனியாவில் மறிபட்டு, பிறகு கிளிநொச்சியில் செங்கமாரி பிடித்து உடம்பு மஞ்சளித்துப் படுத்து, எழும்பி நடக்க இத்தனை நாள். பங்குனி முதலாம் திகதி எழுதப்பட்ட கடிதம். நாங்கள் நெருப்பில் நின்ற அவ்வளவு நாளும் அவர் உயிரோடு தன் ஊரில் இருந்திருக்கிறார்.

அருளம்பலம் கண்ணாடியை மாட்டினார். புராணம் படிக்கிற தோரணையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“அன்புள்ள அக்கா, அண்ணன், தவம். நலமாகக் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டேன்.”

“அம்மாளாச்சி!” என்று இரத்தினம்மா தலையில் கைவைத்துக் குந்தினாள். தவமலர் தூணைப் பிடித்தபடி நின்றாள்.

“எங்களுக்குப் பின்னால் வந்த வள்ளங்களுக்கு என்ன ஆனது என்று கடைசி வரை தெரியவில்லை. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பணியாரத்தை வள்ளத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், அக்கா கோபிக்கவேண்டாம். நாளைக்கு விமானம். தவம், நீ வாழைக்குப்…”

அருளம்பலம் நிறுத்தினார். கண் கடிதத்தில் கொஞ்சம் கீழே ஓடியது. நிமிர்ந்து பெண்சாதியைப் பார்த்தார். இரத்தினம்மா எழும்பி, அன்றைக்கு அசைத்தது போலவே கையை அசைத்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, கடிதத்தில் இல்லாத ஒன்றை வாசித்தார்.

“ஈப்போவில் இப்போது மழையாம். அம்மாவுக்கு…”

“ஐயா.”

“என்ன பிள்ளை?”

“ஒரு இடம் விட்டுப்போட்டியள்.”

“எழுத்து வடிவா விளங்கேல்லை.”

“உங்களுக்கு விளங்கினது. வாசியுங்கோ.”

அருளம்பலம் கடிதத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டார்.

“தவம், நீ வாழைக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். உன் சிவப்புப் பாவாடை தெரிந்தது. அம்மா வேண்டாம் என்று கை காட்டினார்கள், நானும் நின்றுவிட்டேன். பத்தடி நடந்து வந்து உன் கையைப் பிடித்திருக்கவேண்டும். வள்ளத்தில் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. நீ கோபமாக நின்றாய். எனக்கு அதில் வருத்தமில்லை. போகிறவள் மேல் கோபம் வராவிட்டால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.”

இந்த முறை அவர் நிறுத்தவில்லை.

“மறுபடி வருவேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். என் அம்மா இனி எழும்பமாட்டார்கள். பள்ளியில் லீவும் கிடைக்காது. உன்னிடமாவது உண்மையைச் சொல்லவேண்டும். நான் வரமாட்டேன், தவம். நீ ஓடு. யாரோடாவது ஓடு. உன் வேகத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் அவர்களுடைய வேகத்துக்கு ஓடு. ஓடாமல் மட்டும் இருந்துவிடாதே.”

கடிதம் அவ்வளவுதான். தவமலரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“எல்லாருக்கும் தெரிஞ்சதோ அம்மா?”

“ஓம் பிள்ளை.”

“ஐயாவுக்கும்?”

அருளம்பலம் தலையாட்டினார். பிறகு நினைவு வந்து, “ஓம்” என்றார்.

“இளையதம்பி மாமாவுக்கும்?”

“பாவாடை நல்ல சிவப்பெல்லோ பிள்ளை” என்றான் இளையதம்பி. சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

“சின்னனிலை நான் தூணுக்குப் பின்னாலை ஒளிக்கேக்கையும்?”

“அப்பவும்தான் பிள்ளை” என்றாள் இரத்தினம்மா.

“அப்ப நான் ஒருநாளும் ஒளிச்சதே இல்லை” என்றாள் தவமலர்.

“நீ சந்தோஷப்படவேணும் எண்டுதான் பிள்ளை… நீ வெக்கப்படக்கூடாதெண்டு…”

“அண்டைக்கு ஒரு ஆள், ஒரேயொரு ஆள், பிள்ளை நீ நிக்கிறது தெரியுது எண்டு சொல்லியிருந்தால் நான் வெளியிலை வந்திருப்பனம்மா. வெக்கப்பட்டுக்கொண்டாவது வந்திருப்பன். போட்டு வாங்கோ ரீச்சர் எண்டு சொல்லியிருப்பன். முப்பத்தொன்பது நாளா நான் அவவைக் கடலுக்குள்ளை வைச்சிருந்தன். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

அவள் அழுதாள். பதினேழு வயது வரைக்கும் அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. அந்த அழுகையைத்தான் நாங்கள் எல்லோரும் இத்தனை காலமும் மறித்து வைத்திருந்தோம். இரத்தினம்மா கிட்டப் போனாள், தொடப் பயந்து நின்றாள்.

வெயில் இறங்கிய பிறகு தவமலர் முகத்தைத் துடைத்தாள்.

“இனிக் கூட்டலாமெல்லோ அம்மா.”

“ஓம் பிள்ளை. போய்ச் சேந்திட்டா.”

“கூட்டினால் முடிஞ்சுது. இனி வரமாட்டா.”

இரத்தினம்மா வாயெடுத்தாள். வருவா பிள்ளை, ஏன் வராமல் என்று அவளுடைய நாக்கில் நின்றது எனக்குத் தெரியும். அதை விழுங்கிக்கொண்டாள்.

“ஓம் பிள்ளை. வரமாட்டா.”

“விளக்குமாத்தைத் தாங்கோ. நான் கூட்டுறன்.”

கொடுத்தாள். தவமலர் படலையைத் தடவிப் பிடித்து, அங்கிருந்து தொடங்கினாள். முப்பத்தொன்பது நாள் குப்பை, கனத்தது. மிதிபட்டு மணலோடு ஒட்டிக் கிடந்த சருகை இரண்டு தரம் மூன்று தரம் இழுத்தாள். விட்டு விட்டு அழுகை வந்தது. அப்போது நின்று புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் குனிந்தாள். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. தூசி கிளம்பி எங்கள் எல்லோரின் மேலும் படிந்தது. கிணற்றடி வரைக்கும் போய், குவியலைச் சேர்த்து, நிமிர்ந்து நின்றாள்.

“சரியோ அம்மா?”

அருளம்பலம் பெண்சாதியைப் பார்த்தார். இளையதம்பி வேலியைப் பார்த்தான். இரத்தினம்மா முற்றத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்தாள்.

“இல்லைப் பிள்ளை” என்றாள். “வேப்பமரத்துக்கு இடப்பக்கம் ஒரு பாகம் விட்டுப்போட்டாய்.”

“இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?”

“எட்டடி. சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் திரும்பு.”

தவமலர் திரும்பினாள். எட்டடி எண்ணி நடந்து, குனிந்து, அந்த இடத்தைக் கூட்டத் தொடங்கினாள்.